தொரை இருக்கிற வரைக்கும்

எங்கள் சந்தில் யார் எதைக் கேட்டாலும் அந்த அக்கா "சரி" என்பார். முழுக்கக் கேட்டு முடிக்கக்கூட விடமாட்டார். "அக்கா, சிலிண்டர்காரன் வந்தா..." என்று ஆரம்பித்தால் "சரி." "அக்கா, வத்தலகுண்டு வரைக்கும் ஒரு சோலி, பிள்ளையக் கொஞ்சம்..." என்றால் "சரி." மலைப்பாதை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். யாராவது வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றால் எழுந்து இடத்தைக் கொடுத்துவிடுவார். வாந்தி வராதவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு வந்து அந்த இடத்தை வாங்கியிருக்கிறார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். நான் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்க "இல்லை, கிடையாது, தரமுடியாது" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தடித்துப்போனவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எதிர் வீட்டில் இப்படி ஒருத்தர்.

"ஊருல உள்ள அம்புட்டுப் பேரும் உங்க தலையில மொளகா அரைக்கிறாக. ஒருத்தருகிட்டயாவது முடியாதுன்னு சொல்லுங்கக்கா" என்று ஒருநாள் சத்தம் போட்டேன்.

"கேக்குறதுக்கு ஒரு மனசு வேணும்ல தங்கச்சி. அதை ஏன் நோகடிக்கணும்?" என்றார். பிறகு சிரித்தார். "அங்கருந்து போங்கன்னாங்க, எங்கப்பா சரின்னாரு. இங்க வாங்கன்னாங்க, அதுக்கும் சரின்னாரு. அவரு மக நான். வேற எப்படி இருப்பேன்?"

அவர் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். சிறுமியாக இருக்கும்போது குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர். இங்கே வந்து அப்பாவும் அம்மாவும் சவுக்கும் தைலமரமும் வெட்டினார்கள். அக்கா பெரியவளானதும் வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் துணி துவைத்து இஸ்திரி போடும் வேலைக்குப் போனார். ஓய்வு பெறும் வரைக்கும் அதே வேலைதான். கல்யாணம் நடக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், தங்கச்சியைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்களாம். அதற்கும் இவர்தான் முதலில் சரி சொன்னாராம். இதையெல்லாம் வருத்தமாகச் சொல்லமாட்டார். ஊரில் மழை பெய்ததைச் சொல்வது மாதிரி சொல்வார்.

பூனை வந்ததும் அப்படி ஒரு சரியினால்தான். பள்ளிக்கூடத்து வெளிநாட்டு வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் லீவுக்குக் கிளம்பும்போது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு கூடையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். லீவு முடிந்தது. அவர்கள் வரவில்லை. வேறு எங்கோ வேலை கிடைத்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். கூடையில் இருந்தது சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கால்களுடன் ஒரு கடுவன் பூனை. அதற்கு ஏதோ ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அக்காவின் வாயில் அது நுழையவில்லை. "தொரை" என்று வைத்தார்.

"வெள்ளனே எழும்பி, வாலத் தூக்கிக்கிட்டு, நாலு பக்கமும் மொறச்சுக்கிட்டு நடக்குறதப் பாரு. எங்க தோட்டத்துத் தொரையேதான். கைப்பிரம்புதான் இல்ல."

தோட்டத்துத் துரைக்கு அப்பா பயந்த மாதிரியே இவர் பூனைக்குப் பயந்தார். நாற்காலியில் அது படுத்திருந்தால் இவர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டால் அது அக்காவும் தொரையும்தான். எனக்குக் கேட்பது அக்காவின் பாதி மட்டும். மறுபாதியும் இருப்பது போலவேதான் அவர் பேசுவார்.

ஒருநாள் கடைக்கு வந்து கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, பூனைக்குச் சர்க்கரை வியாதி வருமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வாளித் தண்ணியைக் குடிச்சுத் தீர்க்குது. எம்புட்டுத் தின்னாலும் எலும்பும் தோலுமா கெடக்கு. அது ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் எறும்பு வந்துச்சு."

கால்நடை டாக்டர் காதோரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, எறும்பு சொன்னதையே சொன்னார். காலையும் மாலையும் சாப்பாட்டோடு இன்சுலின் ஊசி. நான்தான் போடக் கற்றுக்கொடுத்தேன். பூனைக்கு முன்னால் ஒரு பேரிக்காய்க்குப் போட்டுப் பழகினார். பேரிக்காய்க்குக் குத்தும்போதும் "வலிக்காதுய்யா" என்று அதனிடம் சொன்னார். மருந்து வைக்க அவரிடம் ஃபிரிட்ஜ் இல்லை. கொடைக்கானலில் வடக்குப் பக்கத்துச் சன்னல் மேடை இருந்தால் போதும் என்று அங்கே ஒரு டம்ளரில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் மலையை விட்டு இறங்கவே இல்லை. தங்கச்சி மகள் கோத்தகிரியில் இருந்தாள். அவள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. யாராவது எதையாவது கேட்டால் இன்னும் சரிதான் சொன்னார். ஆனால் அந்தச் சரியெல்லாம் காலை ஊசிக்கும் மாலை ஊசிக்கும் நடுவில் அடங்கிவிட வேண்டும்.

சில வருடங்கள் இப்படி ஓடின. தொரைக்கு உடம்பு தேறியது, வயதும் ஆனது. பிறகு அது சுவரைப் பார்த்து நிற்க ஆரம்பித்தது.

நடந்துகொண்டே போகும். மூலைக்குப் போனதும் மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்கு நின்றுவிடும். திரும்பத் தெரியாது. அக்கா பதறிப்போய் தேன் பாட்டிலை எடுத்தார். சர்க்கரை இறங்கினால் பூனை மயங்கி நிற்கும், அப்போது ஈறில் தேன் தடவவேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மலைத்தேனுக்கா இங்கே பஞ்சம்? நிற்கும்போதெல்லாம் தடவினார். அது தினமும் நின்றது, இவர் தினமும் தடவினார். சர்க்கரை எங்கேயோ ஏறிவிட்டது. ஊசி மருந்தைக் கூட்டியும் இறங்கவில்லை. மருந்தில்தான் குறை என்று நான் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பூனை மூலையில் நிற்கிற நேரத்தில் காதில் குத்திப் பார்த்தார். தேன் பாட்டிலைக் கையில் எடுத்து அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது சர்க்கரை எறங்குறதில்லம்மா. வயசு. மனுசருக்கு நெனவு தப்புதுல்ல, அதேதான். தின்னதை மறந்துரும். திங்கவும் மறந்துரும். வீட்டுல எதையும் எடம் மாத்தாதீங்க. கிண்ணம் இருந்த எடத்துல இருக்கட்டும், கட்டில் கெடந்த எடத்துல கெடக்கட்டும். அதுக்கு இப்ப அந்த எடங்கதான் நெனவு."

இது எவ்வளவு உண்மை என்பது வெள்ளையடித்தபோது தெரிந்தது. வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஆள் அனுப்பி, சாமான்களை ஒதுக்கச் சொன்னார். அக்கா சரி என்றார். கிண்ணம் சமையல்கட்டிலிருந்து முன்னறைக்குப் போனது. சாயங்காலம் ஊசி போட்டுவிட்டு மீனை வைத்தார். தொரை சமையல்கட்டுக்குப் போய், கிண்ணம் வழக்கமாக இருக்கிற வெறுந்தரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. தூக்கிக் கொண்டுவந்து மீன் முன்னால் விட்டாலும் எழுந்து அங்கேயே போனது. உள்ளே மருந்து, வயிற்றில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கால் இழுத்துக்கொண்டு விழுந்தது. அக்கா போட்ட சத்தத்தில் நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அன்றைக்குத் தேன் அதைக் காப்பாற்றியது.

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு முக்காலிகூட நகரவில்லை. பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கும் நேரத்தில் தொரை கத்த ஆரம்பிக்கும். பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை. யாரையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற கத்தல். சந்து முழுக்கக் கேட்கும். "இந்தா இருக்கேன் தொரை, இங்கதான் இருக்கேன்" என்று அக்காவின் குரல் பின்னாலேயே வரும். சில நாள் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே அது அவரைத் தேடிக் கத்தும். அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

வீட்டுக்காரர் பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கிற பாய். தங்கமான மனிதர். அவர் ஒருநாள் வந்தபோது நான் ஊசிகளைக் கொடுக்க அங்கே போயிருந்தேன். பாய் வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மருமகன் துபாய் வேலைய விட்டுட்டு வந்துட்டாரு. இந்த வீட்டை இடிச்சுக் கட்டி, டூரிஸ்ட்டுகளுக்கு காட்டேஜா விடலாம்னு பிள்ளைக பிரியப்படுறாக. வேற வீடு நானே பார்த்துத் தர்றேன். உங்கள அலைய விடமாட்டேன்."

நான் அந்தச் சரிக்காகக் காத்திருந்தேன். இதற்கு முன்னால் வாடகை வீடுகளை அவர் காலி செய்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். சொன்ன மறுநாளே மூட்டையோடு தெருவில் நிற்பார்.

"ஏலாதுங்க பாய்" என்றார் அக்கா.

முடியாது என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல் அது. அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. மூலையில் நின்ற பூனையைக் காட்டினார்.

"எனக்கு எங்கனாலும் சரிதான். இதுக்கு இந்த வீட்டைத் தவிர ஒண்ணும் ஞாபகமில்ல. தூக்கிட்டுப் போனா சோறு எங்க இருக்குன்னு தெரியாமலே செத்துரும். தொரை இருக்கிற வரைக்கும் இருக்கேன் பாய். பொறகு நானே சாவியக் கொண்டாந்து தருவேன்."

பாய் பூனையைப் பார்த்தார். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "வாயில்லா சீவன். இருக்கட்டும்மா. அது இருக்கிற வரைக்கும் இருங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்த நோஞ்சான் பூனையைப் பார்த்த எவரும் அடுத்த குளிரைத் தாண்டாது என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது தாண்டியது. அதற்கடுத்த குளிரையும் தாண்டியது. அக்கா அப்படிப் பார்த்துக்கொண்டார்.

பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது, கீழேயிருந்து வந்த மத்திமீனைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவருவார். "பூனை எப்படிம்மா இருக்கு?" என்பார். பால்காரர் கேட்பார். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் கேட்பார்கள். கட்டட வேலைக்குப் பேசிவைத்திருந்த கொத்தனார் கேட்பார். எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். கேள்வி ஒன்றுதான், ஆனால் அதற்குள் இன்னொன்று இருந்தது. அக்காவுக்கு அது புரியாமல் இல்லை. "இருக்கு" என்பார். என்னவோ அவர் தப்புச் செய்துவிட்ட மாதிரி இருக்கும் அந்த "இருக்கு".

"கேக்குறவங்க எல்லாம் நல்லவங்க தங்கச்சி. கெட்டவங்களா இருந்தா சண்டையாவது போடலாம்" என்றார் என்னிடம்.

வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். தண்ணீருக்கு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். உள்ளே இருந்த ஒரே துணைக்கு இவர் யார் என்பது பாதி நேரம் தெரியவில்லை. மடியில் படுத்திருக்கும். திடீரென்று நிமிர்ந்து, அறியாதவர் மடியில் கிடக்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்க்கும். அப்போதெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருப்பாராம். "ஆளு புதுசா இருக்கேன்னு பார்க்குது. பார்த்துட்டுப் போகட்டும்" என்பார்.

ஒருநாள் அக்கா தைலம் வாங்க பாயின் கடைக்குப் போயிருக்கிறார். கல்லாவில் மருமகன். இவர் வாசலில் நிற்பது தெரியாமல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தானாம். "அந்தம்மா ஊசியப் போட்டுப் போட்டு அந்தப் பூனையோட உசிரை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு. பூனை மேல பாசம்னு நெனச்சியா? எல்லாம் வீட்டு மேல."

தைலம் வாங்காமலே வந்துவிட்டார். என் வீட்டில் வந்து உட்கார்ந்து இதைச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போதே போய் அவனை நாலு கேள்வி கேட்கிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அவன் சொன்னது பொய்யின்னு எனக்குச் சொல்ல ஏலல தங்கச்சி. நாலு நாளா தொரை வாயில ஒண்ணும் வைக்கல. பின்னங்கால் எழும்பல. ஊசியக் கையில எடுக்குறப்ப நானே கேட்டுக்கிறேன், இது அதுக்காகவா, எனக்காகவான்னு. முன்னெல்லாம் அது தெரிஞ்சுச்சு. இப்பத் தெரியல."

சண்டைக்கு எழுந்த நான், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். "பஜார் வரைக்கும் என்கூடக் கொஞ்சம் வாறியா?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. கடையில் பாயும் மருமகனும் இருந்தார்கள். அக்கா சாவியைக் கல்லா மேசைமேல் வைத்தார்.

பாய் எழுந்துவிட்டார். "போயிருச்சாம்மா?"

"இல்லீங்க பாய். இருக்கு. ஆனா அதோட உசிரைக் காட்டி அந்த வீட்டுல இருக்க எனக்கு ஏலாது. வீடு இன்னையிலருந்து உங்க வசம். என்னைய வெளிய போகச் சொன்னாலும் சரி, நாலு நாள் இருக்கச் சொன்னாலும் சரி. தொரை எப்பப் போகணும்ங்கிறதுல இனி வீட்டுக்கு ஒரு சம்பந்தமும் இருக்கக்கூடாது."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். பாய் சாவியைத் தொடவில்லை. "நான் உங்கள எப்பம்மா அப்படி நெனச்சேன்?" என்றார். சாவி மேசையில் கிடக்க, பூட்டாமல் விட்டு வந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பினோம்.

டாக்டர் மன்னவனூர்ப் பக்கம் ஆடுகளைப் பார்க்கப் போயிருந்தார். மத்தியானம் போல வந்தார். தொரை அதன் மூலையிலேயே கிடந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் கையை வைத்திருந்தார். டாக்டர் தொட்டுப் பார்த்தார், கண்ணை விலக்கிப் பார்த்தார். இனி இது கஷ்டம்தான் படும் என்றார். வலிக்காமல் அனுப்பிவிட ஊசி இருக்கிறது என்றார்.

"செஞ்சுரலாமாம்மா?"

ஊரில் எல்லோருக்கும் சரி சொன்ன மனுஷிக்கு அந்தச் சொல் வரவில்லை. டாக்டர் மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தார். சன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. அக்கா பூனையின் முகத்தையே பார்த்தார். பிறகு, அதன் மேல் வைத்திருந்த கையைக் கொஞ்சம் நகர்த்தி, டாக்டருக்கு இடம் விட்டார்.

நான் வெளியே வந்துவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை.

பாய் வந்து கொல்லையில் அவரே குழி வெட்டினார். சாவியை அக்கா கையில் திணிக்கப் பார்த்தார். "இருங்கம்மா. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. மருமகனும் அதையேதான் சொல்றாரு" என்றார். அக்கா வாங்கவில்லை. கோத்தகிரியில் தங்கச்சி மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அவர் கிளம்புவதற்கு முன் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களில்தான் நான் அதைக் கவனித்தேன். அவர் சந்தில் நடந்து வருவார். பால்காரர் வழக்கம்போல வாயைத் திறப்பார், பிறகு என்ன கேட்பதென்று தெரியாமல் சைக்கிள் மணியைத் துடைப்பார். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு வருடமாக ஊரே அவரிடம் நலம் விசாரித்தது. அத்தனையும் பூனையின் நலம்.

கிளம்புகிற அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டில் என் கடை வாசலில் பையை வைத்துவிட்டு நின்றார். பஸ் வர நேரம் இருந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது. கேட்டேன்.

"நீங்க எப்படிக்கா இருக்கீங்க?"

வாயை விட்டு உடனே ஏதோ வரப்போனது. நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியல தங்கச்சி" என்றார். "பார்த்துச் சொல்றேன்."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையை ஆட்டினார். அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று காட்டேஜ்கள். மாதம் ஒருமுறையாவது கோத்தகிரிக்கு போன் போடுகிறேன். தங்கச்சி மகள்தான் எடுப்பாள். அவள் சித்தப்பா கூப்பிட்டாரென்று அக்கா அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார், பக்கத்து வீட்டில் ஆள் இல்லையென்று காவலுக்குப் போயிருக்கிறார், பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறார் என்பாள்.

இன்னும் சொல்லவில்லை.